ஆடியோகிராம் அறிக்கையை வாசிப்பது எப்படி: டெசிபெல் எண்கள் சொல்வதும் சொல்லாததும்

காது பரிசோதனை முடிந்ததும் கையில் தரப்படும் தாளில் ஒரு கட்டம், சில வட்டங்கள், சில பெருக்கல் குறிகள், அடியில் இரண்டு வரி ஆங்கிலம் இருக்கும். வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் போயிருக்கு?" என்பதுதான். அந்த வரைபடத்தில் சதவீதமே கிடையாது. அதில் இருப்பது டெசிபெல். 40 டெசிபெல் இழப்பை 40 சதவீத இழப்பு என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பெரியவர்களுக்குச் செய்யப்படும் வழக்கமான பரிசோதனை பிடிஏ எனப்படும் தூயதொனிச் சோதனை. அதன் அறிக்கையை எந்த வரிசையில், எதை எதோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: இது எந்த டெசிபெல் என்று பாருங்கள்

டெசிபெல் என்பது மீட்டர், கிலோ போன்ற அளவு அல்ல. ஓர் ஒலி இன்னொன்றைவிட எத்தனை மடங்கு என்று சொல்லும் விகிதம் அது. ஆகவே "எதைவிட?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் எண்ணுக்குப் பொருள் இல்லை. காது சம்பந்தமான தாள்களில் இந்த ஒரே சொல் குறைந்தது நான்கு வேடங்களில் வரும்.

முதலாவது எஸ்பிஎல். காற்றில் உள்ள ஒலி அழுத்தத்தை 20 மைக்ரோபாஸ்கலோடு ஒப்பிடும் இயற்பியல் அளவு இது. இரண்டாவது, டெசிபெல் ஏ. நம் காது தாழ்ந்த சுருதிகளை, அதாவது கனத்த ஒலிகளை, மந்தமாகவே கேட்கும் என்பதால், அவற்றைக் குறைத்துக் கணக்கிடும் அளவு இது. தொழிற்சாலை இரைச்சல், ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு, போனில் உள்ள இரைச்சல் மானி ஆப் எல்லாம் இதில்தான் பேசும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 என்று இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வதும் டெசிபெல் ஏ கணக்குத்தான்.

மூன்றாவது எச்எல். ஆடியோகிராமில் இருப்பது இது. குறையில்லாத காது உள்ள இளவயதினர் பலரைச் சோதித்து, ஒவ்வொரு சுருதியிலும் அவர்களுக்குச் சராசரியாக எவ்வளவு மெல்லிய ஒலி கேட்டதோ அதையே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். சுருதியை அளக்கும் அலகு ஹெர்ட்ஸ்; எண் கூடக் கூடச் சுருதி உயர்ந்தது. பரவலாகப் பயன்பட்ட டிடிஎச் 39 ஹெட்போனில் 1000 ஹெர்ட்ஸில் அந்தப் பூஜ்யம் 7 டெசிபெல் எஸ்பிஎல். 250 ஹெர்ட்ஸில் 25.5. அதாவது தாளில் ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கு இயந்திரம் கொடுத்த ஒலி வேறு வேறு. அந்த வித்தியாசத்தைக் கருவியே உள்ளுக்குள் சரிசெய்துவிடுகிறது. பூஜ்யம் என்றால் ஒலியே இல்லை என்று பொருள் அல்ல. அதற்கு மேலே மைனஸ் 5, மைனஸ் 10 என்று வந்தால் சராசரியைவிடக் கூர்மையான காது, அவ்வளவுதான்.

நான்காவது, குழந்தைகளுக்கு எடுக்கும் பெரா சோதனையில் வரும் என்எச்எல். தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்குக் கேட்பு நரம்பு தரும் பதிலைப் பதிவு செய்யும் சோதனை அது. பெராவில் 40 என்று வந்தால் அதை அப்படியே ஆடியோகிராமின் 40ஆக எடுக்கக் கூடாது. உண்மையான கேட்பு எல்லை (காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய அளவு) பெரும்பாலும் அதைவிட 10 முதல் 20 டெசிபெல் குறைவாக, அதாவது நல்லதாகவே இருக்கும். தவிர, 'கிளிக்' ஒலி வைத்து எடுத்த பெரா முக்கியமாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத்தான் காட்டும். தாழ்ந்த சுருதிகளைப் பற்றி அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். டெசிபெல் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கலில் ஏறுகிறது. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். 30 டெசிபெல் என்றால் ஆற்றலில் 1000 மடங்கு. ஆகவே 60 டெசிபெல் இழப்பு 30 டெசிபெல் இழப்பின் இரட்டிப்பு அல்ல.

படி 2: சோதனையே சரியாக நடந்ததா?

எண்களைப் படிக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது. தவறாக எடுத்த ஆடியோகிராம் பார்க்க அழகாகவே இருக்கும்.

சோதனைக்கு முன் காதுக்குள் பார்த்துக் குரும்பியை அகற்றியிருக்க வேண்டும். முந்தைய 14 முதல் 16 மணி நேரம் பெரிய இரைச்சலில் இருந்திருக்கக் கூடாது. திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் இரவெல்லாம் நின்றுவிட்டுக் காலையில் சோதனைக்குப் போனால், தற்காலிகமாக மந்தமான காதுதான் தாளில் பதிவாகும். கம்மல், கண்ணாடி, ஹியரிங் எய்ட் எல்லாவற்றையும் கழற்றியிருக்க வேண்டும். ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு.

அறை எப்படி இருந்தது என்பதும் முக்கியம். ஃபேன், ஏசி, ஜெனரேட்டர், வண்டிச் சத்தம் எல்லாமே தாழ்ந்த சுருதியில் அதிகம். ஒலித்தடுப்பு அறை இல்லாத முகாமில் எடுத்த அறிக்கையில் 250, 500 ஹெர்ட்ஸில் மட்டும் 25, 30 என்று இழப்பு காட்டி, 1000க்கு மேல் சரியாக இருந்தால், முதலில் அறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். கருவியை ஆண்டுக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கும் வழக்கம் உண்டு. கடைசியாக எப்போது செய்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. நன்றாகக் கேட்கும் காதில், 1000 ஹெர்ட்ஸில், எளிதாகக் கேட்கும் ஓர் அளவில் தொடங்குவார்கள். கேட்டது என்று பட்டனை அழுத்தினால் 10 டெசிபெல் குறைப்பார்கள். கேட்கவில்லை என்றால் 5 கூட்டுவார்கள். இப்படி ஏறி வரும்போது பாதிக்குக் குறையாமல் பதில் கிடைக்கும் மிகக் குறைந்த அளவே அந்தச் சுருதியின் எல்லை. பிறகு 2000, 4000, 8000 என்று ஏறி, மீண்டும் ஒருமுறை 1000ஐச் சோதித்து, 500, 250 என்று இறங்குவார்கள். இரண்டு முறை எடுத்த 1000 ஹெர்ட்ஸ் அளவும் 5 டெசிபெலுக்குள் ஒத்துப்போக வேண்டும். 10, 15 என்று விலகினால், நோயாளிக்கு விளக்கம் புரியவில்லை அல்லது களைத்துவிட்டார் என்று பொருள். அறிக்கையின் அடியில் நம்பகத்தன்மை பற்றி ஒரு சொல் எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் தாண்டாதீர்கள்.

படி 3: கட்டத்தையும் குறிகளையும் அடையாளம் காணுங்கள்

இடமிருந்து வலமாகச் சுருதி, 250லிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை. மேலிருந்து கீழாக டெசிபெல், மைனஸ் 10லிருந்து 120 வரை. கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம்.

சிவப்பு வட்டம் வலது காதின் காற்றுவழி, அதாவது ஹெட்போன் வழியாகக் கேட்ட அளவு. நீலப் பெருக்கல் குறி இடது காதின் காற்றுவழி. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வியை வைத்து எடுக்கும் எலும்புவழி அளவைக் கோணக் குறியால் காட்டுவார்கள்: முனை இடப்பக்கம் பார்த்தால் வலது காது, வலப்பக்கம் பார்த்தால் இடது காது. மறு காதில் இரைச்சல் கொடுத்து அதை அடக்கிவைத்து எடுத்திருந்தால் குறி மாறும். அதற்கு மாஸ்கிங் என்று பெயர். அப்போது காற்றுவழியில் வலதுக்கு முக்கோணம், இடதுக்குச் சதுரம். எலும்புவழியில் பகர அடைப்புக்குறி. குறியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பு தொங்கினால், கருவியின் உச்ச அளவிலும் பதில் இல்லை என்று பொருள்.

படி 4: சராசரியை நீங்களே கணக்கிடுங்கள்

ஓர் உதாரணம். வலது காதின் காற்றுவழி அளவுகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: 250இல் 20, 500இல் 25, 1000இல் 30, 2000இல் 45, 4000இல் 65, 8000இல் 70.

பழைய முறையில் 500, 1000, 2000 மூன்றையும் கூட்டி 3ஆல் வகுப்பார்கள். 25, 30, 45 சேர்ந்து 100, சராசரி 33.3. உலக சுகாதார நிறுவனம் 4000ஐயும் சேர்த்துக்கொள்கிறது. கூட்டுத்தொகை 165; 4ஆல் வகுத்தால் 41.25. ஒரே காது, ஒரே நாள், ஒரே சோதனை. ஆனால் 8 டெசிபெல் வித்தியாசம். உயர்ந்த சுருதிகள் மட்டும் கெட்ட காதுகளில் இந்த இடைவெளி எப்போதும் வரும்.

நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டில் 20க்குக் கீழ் இயல்பு. 20லிருந்து 35க்குள் லேசானது, 35லிருந்து 50க்குள் மிதமானது, 50லிருந்து 65க்குள் மிதமானதற்கும் சற்று மேல், 65லிருந்து 80க்குள் கடுமை, 80லிருந்து 95க்குள் மிகக் கடுமை, அதற்கும் மேல் முழு இழப்பு. பல மருத்துவமனைகளில் இன்னும் பழைய வகைப்பாடே புழங்குகிறது. அதில் 26லிருந்து 40 வரை லேசானது, 41லிருந்து 55 வரை மிதமானது. மேலே சொன்ன காது பழைய கணக்கில் லேசானது, புதிய கணக்கில் மிதமானது. ஆகவே இரண்டு இடங்களில் எடுத்த அறிக்கைகளை ஒப்பிடும்போது அடியில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிடுங்கள். எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

சதவீதம் எங்கே வருகிறது என்றால், மாற்றுத்திறனாளி சான்றிதழில். அங்கே இரு காதுகளுக்கும் தனித்தனியாக அட்டவணைப்படி சதவீதம் எடுத்து, நல்ல காதுக்கு 5 மடங்கு எடை கொடுத்து, மற்றதையும் கூட்டி, 6ஆல் வகுக்கிறார்கள். ஒரு காது முற்றிலும் போய் மறு காது நன்றாக இருப்பவருக்குச் சான்றிதழில் எண் சிறியதாக வருவது இதனால்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுச் சுருதிகளில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் இழப்பைக் கேட்புக் குறைபாடு என்றும், 70 டெசிபெல் இழப்பைக் கேளாமை என்றும் வரையறுக்கிறது. இது சட்டத்துக்கான கோடு. சிகிச்சையோ கருவியோ தேவையா என்பதை இதை வைத்து முடிவு செய்யக் கூடாது. 35 டெசிபெல் இழப்பிலேயே வகுப்பறையில் ஒரு குழந்தை பாதிப் பாடத்தைத் தவறவிடக்கூடும்.

படி 5: காற்றுக்கும் எலும்புக்கும் இடைவெளி இருக்கிறதா?

முழு அறிக்கையிலும் மருத்துவரின் முடிவை அதிகம் தீர்மானிக்கும் இடம் இது. காற்றுவழி ஒலி காதுத்துளை, செவிப்பறை, நடுக்காது எலும்புகள் எல்லாவற்றையும் கடந்து உட்காதுக்குப் போகிறது. எலும்புவழி ஒலி நேரே உட்காதைத் தொடுகிறது. இரண்டும் ஒரே அளவில் சேர்ந்து இறங்கினால் பழுது உட்காதிலோ நரம்பிலோ. எலும்புவழி இயல்பாக இருந்து, காற்றுவழி மட்டும் 15 டெசிபெலோ அதற்கு மேலோ தாழ்ந்திருந்தால் பழுது வெளிக்காதிலோ நடுக்காதிலோ: குரும்பி, செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர், சீழ், எலும்பு இறுகிப்போவது. இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். இரண்டும் தாழ்ந்து, இடைவெளியும் இருந்தால் கலப்பு இழப்பு.

வெளிக்காது, நடுக்காதுப் பழுதால் மட்டும் இழப்பு ஏறத்தாழ 60 டெசிபெலைத் தாண்டாது. அதற்கு மேல் போனால் ஒலி மண்டையோட்டின் வழியே உட்காதைச் சேர்ந்துவிடும். எனவே 80 டெசிபெல் இழப்பை "குரும்பிதான் காரணம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே தவறுகள் மூன்று வகையில் வரும். மிகப் பெரியது மாஸ்கிங் விட்டுப்போவது. ஒரு காதில் ஹெட்போன் வழியாகக் கொடுக்கும் ஒலி 40 டெசிபெலுக்கு மேல் போனால் மண்டையோட்டைக் கடந்து மறு காதுக்குப் போகத் தொடங்கும். எலும்புவழியில் இந்தத் தடுப்புக்கூட இல்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் இரு காதும் கேட்கும். வலது காது முற்றிலும் செயலிழந்து இடது காது நன்றாக இருக்கும் ஒருவருக்கு மாஸ்கிங் இல்லாமல் சோதித்தால், வலதின் காற்றுவழி 55, 60 என்றும், எலும்புவழி 5 என்றும் வரும். கேட்டது இடது காது. தாளில் ஏறியது வலதின் பெயரில். பார்ப்பவருக்கு அது நடுக்காதுப் பழுதாகத் தெரியும். உட்காதே செத்துப்போன காதுக்கு நடுக்காது அறுவை சிகிச்சை பரிந்துரைக்கும் அளவுக்கு இந்தத் தவறு போகக்கூடும். இரு காதுக்கும் 40 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் இருந்து, தாளில் முக்கோணமோ சதுரமோ இல்லையென்றால், மாஸ்கிங்கோடு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடுமையான இழப்பு உள்ளவர்கள் 250, 500 ஹெர்ட்ஸில் எலும்பதிர்வியை ஒலியாகக் கேட்காமல் தோலில் அதிர்வாக உணர்ந்து பட்டனை அழுத்துவது. அந்த இரண்டு சுருதிகளில் மட்டும் பொய்யான இடைவெளி தெரியும். மூன்றாவது, வயதானவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஹெட்போனின் அழுத்தத்தில் காதுத்துளை மடங்கி அடைத்துக்கொள்வது. உயர்ந்த சுருதியில் இடைவெளி வந்து, நடுக்காது அழுத்தச் சோதனையான டிம்பனோகிராமோ இயல்பாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். துளைக்குள் செருகும் இயர்போன் போட்டு எடுத்தால் தீர்ந்தது.

படி 6: கோட்டின் வடிவத்தைப் பாருங்கள்

இரு காதிலும் ஒரே மாதிரி, 2000க்குப் பிறகு சரிந்து 8000இல் மிகத் தாழ்ந்து முடிந்தால் பெரும்பாலும் வயதின் வேலை.

4000 ஹெர்ட்ஸைச் சுற்றிப் பள்ளம் விழுந்து 8000இல் மீண்டும் ஏறினால் இரைச்சல். விசைத்தறிக் கூடம், பட்டறை, ஜெனரேட்டர் அறை, வெடி, மணிக்கணக்கில் காதுக்குள் பாட்டு ஆகியவை வழக்கமான காரணங்கள். காதுத்துளை தன் நீளத்தால் 3000 ஹெர்ட்ஸ் அளவில் உள்ள ஒலியைத் தானே பெருக்கித் தருகிறது. சேதமோ அதற்குச் சற்று மேலே உள்ள சுருதியில் விழுகிறது. பள்ளம் ஏன் அந்த இடத்தில் என்பதற்கு இதுதான் விளக்கம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் ஏ வரை அனுமதிக்கின்றன. தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் 85 என்கிறது. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. 88இல் 4 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடம். காதைக் காப்பாற்ற நினைப்பவர் இரண்டாவது கணக்கைப் பின்பற்றுவதே சரி.

தாழ்ந்த சுருதிகளில் இழப்பு இருந்து மேலே போகப் போகச் சரியாகும் கோடு, தலைசுற்றலும் காது அடைப்பும் விட்டுவிட்டு வருபவருக்கு, உட்காதைப் பாதிக்கும் மெனியர் நோயை நினைவூட்டும். எலும்புவழி அளவு 2000 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம் காட்டி, காற்று-எலும்பு இடைவெளியும் இருந்தால், நடுக்காதின் ஸ்டேப்ஸ் எலும்பு இறுகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ். வடிவம் ஒரு தடயம் மட்டுமே. நோயை உறுதி செய்வது இஎன்டி மருத்துவரின் வேலை.

படி 7: பேச்சுச் சோதனையோடு பொருத்துங்கள்

"சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியல." உயர்சுருதி இழப்பு உள்ள எல்லோரும் சொல்வது இது. உயிரெழுத்துகளின் ஆற்றல் தாழ்ந்த சுருதிகளில் அதிகம், அவை கேட்டுவிடும். ச, ஷ, ஸ போன்றவை உயர்ந்த சுருதியில் மெலிதாக வருபவை. "காசு", "காது" இரண்டையும் உதட்டைப் பார்க்காமல் பிரித்தறிய முடியாமல் போகும். வீட்டில் ஹியரிங் எய்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைப் பின்னாலிருந்து சொல்லித் திரும்பச் சொல்ல வைப்பது நல்ல வழி. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்தது வரை அந்த ஆறும் தொட்டுவிடும்.

அறிக்கையில் எஸ்ஆர்டி என்று இருப்பது, பழகிய சொற்களில் பாதியைச் சரியாகத் திரும்பச் சொல்லும் அளவு. அது 500, 1000, 2000 சராசரியோடு 10 டெசிபெலுக்குள் ஒத்துப்போக வேண்டும். சராசரி 60, எஸ்ஆர்டி 25 என்றால் ஏதோ சரியில்லை. கேட்டும் பட்டனை அழுத்தாமல் இருந்திருக்கலாம். அடுத்தது, வசதியான சத்தத்தில் சொற்களைக் கொடுத்து எத்தனை சதவீதம் சரி என்று பார்ப்பது. நடுக்காதுப் பழுதில் இது 100ஐ ஒட்டியே இருக்கும். லேசான இழப்புக்கு 30, 40 சதவீதம்தான் வருகிறது என்றால் நரம்பில் பழுதா என்று பெராவும் எம்ஆர்ஐயும் பார்க்க வேண்டியிருக்கும்.

தாத்தா "சத்தமாப் பேசு" என்பார், பேசினால் "ஏன் கத்துற?" என்பார். வீம்பு அல்ல, உட்காதுப் பழுதின் அடையாளம். மெல்லிய ஒலியைக் கேட்கும் எல்லை 60க்கு இறங்கிவிட்டாலும், தாங்க முடியாத சத்தத்தின் எல்லை பழையபடி 100ஐ ஒட்டியே நிற்கிறது. மற்றவர்களுக்கு 100 டெசிபெல் அகலத்தில் விரிந்திருக்கும் உலகம் இவருக்கு 40க்குள் நெருக்கப்பட்டுவிடுகிறது. கொஞ்சம் கூட்டினாலே சட்டென்று பெருஞ்சத்தமாகிவிடும். ஆங்கிலத்தில் ரெக்ரூட்மென்ட் என்பார்கள். 60 டெசிபெல் இழப்புக்கு 60 டெசிபெல் கூட்டித் தரும் கருவியை வைத்தால் அவர் அன்றே கழற்றி எறிவார். இழப்பில் ஏறத்தாழ பாதியைக் கூட்டுவது பழைய கட்டைவிரல் கணக்கு. இப்போதைய டிஜிட்டல் கருவிகள் மெல்லிய ஒலிக்கு அதிகமாகவும் பெரிய ஒலிக்குக் குறைவாகவும் கூட்டுகின்றன. ஆகவே கருவி வாங்கும் முன் யுசிஎல் எனப்படும் தாங்குசத்த எல்லையையும் அளந்தார்களா என்று கேளுங்கள். ஆடியோகிராமே பார்க்காமல் எல்லாச் சுருதியையும் ஒரேயடியாகப் பெருக்கும் மலிவுப் பெருக்கிகளை விட்டுத் தள்ளுங்கள்.

படி 8: காத்திருக்கக் கூடாதவை

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபெலோ அதற்கு மேலோ திடீரென விழுந்தால் அது அவசரம். காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்தாற்போல் இருந்தால் சளி என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாள் கடத்துவதே இதில் நடக்கும் பெரும் தவறு. ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். முதல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் வாய்ப்பு குறையும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் சர்க்கரை நோய் இருந்தால் சொல்லிவிடுங்கள்; மருந்தை நேரே நடுக்காதில் ஊசியாகச் செலுத்தும் வழியும் உண்டு.

காரணம் தெரியாமல் ஒரு காது மட்டும் தாழ்ந்துகொண்டே போவது, கூடவே அந்தப் பக்கம் மட்டும் இரைச்சல் கேட்பது, இவற்றுக்கும் எம்ஆர்ஐ தேவைப்படலாம். கேட்பு நரம்பில் வளரும் கட்டி அரிது, ஆனால் அது இப்படித்தான் தொடங்கும்.

படி 9: பழைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள்

ஒரே காதை இரண்டு நாள் சோதித்தால் 5 டெசிபெல் முன்பின் வருவது சகஜம். ஒரே ஒரு சுருதியில் 5 இறங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 5 ஏறியதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்றும் எண்ண வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு சுருதிகளில் 10 டெசிபெலோ அதற்கு மேலோ மாறியிருந்தால் அது உண்மையான மாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிந்தவரை அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். தாள் மங்கிவிடும் என்பதால் போனில் படமெடுத்து, கூடவே ஆறு எண்களையும் காது வாரியாக ஒரு நோட்டில் எழுதி, தேதியும் மாஸ்கிங் செய்ததா என்பதையும் குறித்து வையுங்கள். காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ காதைப் பாதிக்கும் மருந்து தொடங்குபவர்கள் முதல் டோஸுக்கு முன்பே ஓர் ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அமிகாசின், சிஸ்பிளாட்டின் இரண்டும் முதலில் தாக்குவது 8000 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலேயும்தான். அங்கே இருந்து கீழே வரும்வரை பேச்சு கேட்பதில் வித்தியாசமே தெரியாது. ஆகவே இவர்களுக்கு 8000க்கு மேலேயும் சோதிக்கும் வசதி உள்ள இடமாகப் பார்த்துப் போவது நல்லது.